அம்மா வழி வட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வாசலில் முழங்கால் கூட்டம். மேல் மாடிக்காரி, அவள் கூட்டிக்கொண்டு வந்த இன்னொருத்தி, போதாததற்குக் கீழே வாட்ச்மேன். பேத்தி எலும்பு டாக்டர் ஆனதிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கால் நேராக இல்லை. நான்தான் நாற்காலி போட்டு உட்காரவைப்பேன். "டாக்டர் குளிக்கிறா, வந்துடுவா" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. தெரியட்டும். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி அடுப்படியில் விடப்பட்டவளுக்குப் பேத்தி டாக்டர். கொஞ்சம் அலட்டிக்கொண்டால் யார் குடி மூழ்கிவிடும்?

மகன் அதற்கு முன்னாலேயே டயாலிசிஸுக்குக் கிளம்பிவிட்டான். செவ்வாய், வியாழன், சனி. ரத்தத்தை வெளியே எடுத்து, அலசி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். போகும்போது ஊதிப்போய்ப் போகிறான், வரும்போது பிழிந்த துணி மாதிரி வருகிறான். கணக்கு வாத்தியார். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கினவன். இன்றைக்கு மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்தான். என் தோளை அவன்.

மார்ச் 9, ஞாயிறு

பேத்தி சாப்பாட்டு மேஜையில் பெரிய பெரிய தாள்களை ஒட்டி விரித்திருக்கிறாள். நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். என்னடி இது என்று கேட்டதற்கு, நம்ம குடும்பம் என்றாள். ஆம்பளைக்குக் கட்டம். பொம்பளைக்கு வட்டம். இறந்துபோனவர் மேல் ஒரு கோடு. இந்த நோய் இருந்தால் உள்ளே கறுப்பு.

நோய் என்றால் சிறுநீரகத்தில் திராட்சைக்கொத்து மாதிரி நீர்க்கட்டிகள். அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இருந்து பிள்ளைக்கு வருவதாம். மகனுக்கு ஒரு சிறுநீரகம் யாராவது கொடுத்தால் டயாலிசிஸிலிருந்து தப்பிப்பான். மருமகளுக்குச் சர்க்கரை, அவளால் முடியாது. இந்த நோய் இல்லாத, ரத்த வகை சேருகிற சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டமும் வட்டமும். ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, இவள் சித்தப்பா பெரியப்பா என்று செத்தவர்களையெல்லாம் எழுப்பிக்கொண்டிருக்கிறாள்.

"இது உங்க தாத்தா வம்சத்துச் சொத்து," என்றேன். "வீடு தரல, நிலம் தரல. மனுஷன் இதை மறக்காம குடுத்துட்டுப் போயிருக்கார்." அவர் கடைசியில் முகமும் காலும் வீங்கித்தான் போனார். அந்தக் காலத்தில் ஸ்கேன் எது, ஒன்று எது. பேத்தி தாத்தா கட்டத்தில் பாதி கறுப்பு அடித்து ஒரு கேள்விக்குறி போட்டாள். தாத்தாவின் தம்பி கட்டத்திலும் கேள்விக்குறி. "உன் பக்கம் சொல்லு பாட்டி" என்றாள். என் பக்கத்துக்கு என்ன? என் அப்பா எண்பத்தைந்து வயதில் சொந்தப் பல்லோடு போனவர். நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள் என்றாள். நான் கல்லு, கல்லுக்கு எதுக்கு ஸ்கேன் என்றேன். அவளுக்கு வாதம் பண்ணத் தெம்பில்லை.

பிறகு கீழே ஒரு சின்ன வட்டத்தைக் கறுப்பாக்கினாள். அழுத்தி, நிதானமாக, ஓரம் பிசகாமல். சின்ன வயதில் படத்துக்குக் கலர் அடிப்பாளே, அப்படி.

"அது யாருடி?"

"நான்."

அப்பாவுக்குத் தன்னுடையதைக் கொடுக்கத்தான் போன மாதம் போய்ப் படுத்தாளாம். ஸ்கேனில் இவளுக்கும் அதே கொத்து. அப்பாவிடம் ரத்தம் சேரவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

அவளுக்கும் இருக்கு. எழுதிப் பார்த்தேன். எழுதினாலும் அதேதான்.

மார்ச் 16, ஞாயிறு

ஓரகத்தி வந்தாள். அவர் தம்பி பெண்டாட்டி. எங்களுக்குள் போக்குவரத்து நின்று வெகுகாலம். அவள் மகன் லிஃப்ட் மெக்கானிக், என் மகனுக்குச் சித்தப்பா பிள்ளை, ஆள் இரும்பு மாதிரி இருப்பான். அவன் ரத்த வகைதான் சேருகிறது. பேத்தி அவனோடு பேசினாள், அவனும் பார்க்கலாம் என்றானாம். கூடவே விவரம் புரியட்டும் என்று அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறாள். அதுதான் வினை.

வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். டீயைத் தொடவில்லை. லாரி மோதிச் செத்த தன் புருஷன் தலையில் எதற்குக் கேள்விக்குறி என்று கேட்டாள். பேத்தி, தெரியாத இடத்தில் அப்படிப் போடுவது வழக்கம் சின்னப் பாட்டி என்று என்னவோ சமாதானம் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"லாரி மோதலன்னா தெரிஞ்சிருக்கும்," என்றேன். "உங்க வீட்டு ரத்தம்தானே என் பிள்ளையை உறிஞ்சுது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு ரொம்ப அடக்கமாகக் கேட்டாள்: "ஏன் அக்கா, பிள்ளை அவருக்கு மட்டுமா பொறந்தான்? நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்களா?"

மருமகள் அடுப்படிக்குள் போய்விட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போனாள், எனக்குத் தெரியாதா.

கிளம்பும்போது பேத்தியிடம் சொன்னாள். "என் பிள்ளைக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுவீங்க. அறுபதுல வந்தா? ஒண்ணைக் குடுத்துட்டு மிச்சம் ஒண்ணும் கெட்டுப்போனா, நீ அவன் கட்டத்துல கறுப்படிச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவே. இது எங்க வீட்டு ரத்தத்துல இல்லன்னு காட்டு. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்."

இந்த வயதில் ஸ்கேனில் இல்லை என்றால் இனிமேல் வராது என்று பேத்தி படித்துப் படித்துச் சொன்னாள். பெற்றவளுக்குப் பயம் புகுந்துவிட்டால் ஸ்கேன் எங்கே கேட்கும்? டாக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 19, புதன்

மகனுக்கு உப்பு ஆகாது, தண்ணீர் அளவு. மருமகள் எல்லாருக்கும் சேர்த்தே உப்பைக் குறைத்துவிட்டாள். வாயில் வைத்தால் துணி மெல்லுவது போல இருக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றேன். மகன், அம்மா நான் இன்னும் குப்பைக்குப் போகல என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். 

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது.

மத்தியானம் பேத்தியும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் முகம் வாடிக் கிடந்ததே என்று ஏதாவது சிரிக்கச் சொல்லலாம் என்று என் அம்மாவின் அக்கா கதையைச் சொன்னேன். அறுபது வயதில் அவளுக்கு வயிறு நிறைமாசம் போல இருக்கும். பஸ்ஸில் சின்னப் பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவளும் கூசாமல் உட்கார்ந்து, "தலைப்பிரசவம், கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்பாள். பேத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெங்காயம் வேறு.

பிறகு சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள்.

வயிறு மட்டும்தானா, உடம்பும் பெருத்தவளா என்றாள். இல்லை, கை கால் குச்சி மாதிரி. எப்படிச் செத்தாள்? யாருக்குத் தெரியும், கட்டிக்கொடுத்த வீட்டில் செத்தாள். உன் அம்மா? தலைவலி என்று ஒரு நாள் காலையில் படுத்தாள், மண்டைக்குள் ஏதோ வெடித்த மாதிரி இருக்கு என்றாள், சாயங்காலம் இல்லை. அவளுக்கு அப்போது என் மகன் வயதுகூட இல்லை. அம்மாவைப் பெற்றவள்? அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பாட்டி, இவங்க யாருமே ஏன் இதுல இல்ல?" தாளைக் காட்டினாள். என் பக்கம் என்று நான் சொல்லிக்கொடுத்தது முழுக்க அப்பா, அப்பாவின் அப்பா, அவர் அண்ணன் தம்பிகள். கட்டம் கட்டமாக, செங்கல் அடுக்கின மாதிரி.

"வம்சம்னா ஆம்பளை வழிதானேடி. கட்டிக்குடுத்தவங்க அடுத்த வீட்டுக் கணக்கு."

"நோய்க்கு அது தெரியாதே பாட்டி."

ஓரத்தில் இடம் இல்லாமல் புதுத்தாள் ஒட்டி வட்டம் வட்டமாகப் போட்டாள். என் அம்மா. அம்மாவின் அக்கா. பெயர் தெரியாத அந்தக் கிழவி. நான். இந்தக் கட்டிகள் பெருத்தால் வயிறு அப்படித்தான் உப்புமாம், சிலருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதும் உண்டாம். எல்லாம் சந்தேகம்தான், உன்னை ஸ்கேன் பண்ணினால் தெரிந்துவிடும் என்றாள்.

எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். கையில் வெங்காயத் தோலோடு.

மார்ச் 24, திங்கள்

எங்க பக்கமா? எங்க அம்மாவா? குனிஞ்ச தலை நிமிராம இருந்தவ அவ. அவகிட்ட இருந்தா வந்துச்சு?

அப்படின்னா என்கிட்டயும் — இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இந்த வயசுலயும் பக்கெட் தூக்கறவ.

பேத்தி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்தத் தாள்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டுவேன், அர்த்தம் வராது. என் வட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் தமிழில் எழுதியிருக்கிறாள்: "ஸ்கேன் வேண்டாம் என்கிறார். கேட்டால் கோபம்." நான் படிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறாள். கழுதை.

மார்ச் 27, வியாழன்

டயாலிசிஸ் நடுவில் மகனுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கால் நரம்பு இழுத்து, அலறியிருக்கிறான். மருமகளும் டிரைவரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். நான் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"அம்மா, சனிக்கிழமை நான் போகல."

ஏன் என்று கேட்டேன்.

"போதும்மா. அலுத்துப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னான். கோபமில்லை, அழுகையில்லை. ரொம்ப நாள் போட்டுப் பார்த்த கணக்கை, விடை வராது என்று தெரிந்து மூடிவைப்பது போல.

நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஓரகத்தி சொன்னதுதான் காதில். எங்க வீட்டு ரத்தத்துல இல்லன்னு காட்டு.

எப்படிக் காட்டுவது? செத்தவரைத் தோண்டியா ஸ்கேன் எடுக்க முடியும்? ஒரே வழிதான். பிள்ளைக்கு ரெண்டு பக்கம். இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் தப்பித்தது. அவள் வாய் அடைந்துபோகும், பிள்ளையை அனுப்புவாள்.

அதாவது எனக்கு இருக்க வேண்டும்.

இந்த வீட்டில் மருமகளாக வந்த நாளிலிருந்து எங்க வம்சம் எங்க வம்சம் என்று நீட்டி முழக்கினவள் நான். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறேன் — சாமி, என் உடம்பில் அது இருக்கட்டும். இல்லாமல் போய்விட்டால் என் பிள்ளை என்ன ஆவான்? சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பேத்தி வந்ததும், எப்ப போகலாம் என்று கேட்டேன். எங்கே என்றுகூட அவள் கேட்கவில்லை. மகனிடம் போய், நாளைக்கு ஒரு தரம் மட்டும் போய்ட்டு வா, என் தலைமேல் ஆணை என்றேன். உன் தலைக்கு இப்ப என்ன மதிப்பு என்றான். இருந்தாலும் போவான்.

மார்ச் 31, திங்கள்

எடுத்தாயிற்று.

வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை வைத்து அந்தப் பெண் தேய்த்தாள். நான் டிவியைப் பார்க்கவில்லை, பேத்தி முகத்தைப் பார்த்தேன். டாக்டர் முகம்தான் வைத்திருந்தாள். கீழ் உதடு மட்டும் என் பேத்தியுடையது.

"இருக்கா?"

"இருக்கு பாட்டி. ரெண்டு பக்கமும்."

"நல்லது," என்றேன்.

ஸ்கேன் பெண் கையை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இப்படிச் சொன்னவளை அவள் பார்த்திருக்க மாட்டாள். பேத்தி திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆட்டோவில்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னிடம் சத்தம் போடாமல் படுத்துக் கிடந்தாயே, என் பிள்ளையிடம் போய் ஏன் ஆடினாய்? அவன் பெண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா? அவளுக்கு என் மூக்கு, என் நெற்றி என்று ஊரெல்லாம் சொன்னேனே. இதையும் நான்தான் கொடுத்தேன்.

இந்த வயதுக்கு உங்க சிறுநீரகம் இவ்வளவு ஓடுவதே ஆச்சரியம் என்று பெரிய டாக்டர் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 2, புதன்

ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். பேத்தி போனில் சொல்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். போனில் சொல்கிற விஷயமா?

கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நிலையிலேயே நின்று சொன்னேன். "என்கிட்டதான் இருக்கு. ஸ்கேன்ல வந்துடுச்சு. உங்க வீட்டு ஆளுங்க மேல ஒண்ணும் இல்ல. உன் புருஷன் மேல போட்ட கேள்விக்குறியைப் பேத்தி அழிச்சிட்டா."

ஜெயித்துவிட்டேன் பார் என்று குதிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு. அவள் குதிக்கவில்லை.

"உங்களுக்கு வலி கிலி இருக்கா அக்கா?" என்றாள்.

அதற்கு நான் தயாராக வரவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டீ கொடுத்தாள். குடித்தேன். கொஞ்சம் கழித்து, நீங்க லாரியைப் பத்திச் சொன்னது எனக்கு இன்னும் ஆறல என்றாள். அது ஆறாது, ஆறக்கூடாதுன்னுதான் சொன்னேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "அது வேற கணக்கு. நீங்க இருக்கிறவரைக்கும் வச்சுக்கறேன். இது பிள்ளைங்க விஷயம்."

உள்ளே இருந்து மெக்கானிக் குரல்: "நான் அண்ணனுக்கு எப்பவோ சரின்னுட்டேன் பெரியம்மா. இந்த வீட்டுலதான் லிஃப்ட் மேல ஏறாம நின்னுபோச்சு."

"வாயை மூடுறா," என்றாள் அவள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் தம்பி போன் பண்ணினான். யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறான். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நம்ம வீட்டு மேல் நீயே கரியைப் பூசுவியா என்று கத்தினான். கரி இல்லடா, பென்சில் என்றேன். நீயும் போய் ஒரு ஸ்கேன் எடு, உன் பெண்ணையும் கூட்டிப்போ, அவளுக்கு இப்பவே தெரிந்தால் பிரஷரைப் பார்த்துக்கொண்டு பல வருஷம் நன்றாக இருக்கலாமாம் என்றேன். எனக்கு அக்காவே இல்லை என்று வைத்துவிட்டான்.

அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். ரொம்ப அசதியாக இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

மெக்கானிக்குக்குக் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. சுத்தம். மற்றது எல்லாமும் சேருகிறது. இனி ஆஸ்பத்திரிக் கமிட்டி, கையெழுத்து, தேதி. மகனிடம் பேத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள், தனக்கும் இருப்பதை. அவன் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

ஆபரேஷன். காலையில் ரெண்டு பேரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்துக் கையாட்டினான். என் மகன் கூரையைப் பார்த்துக்கொண்டே போனான்.

ஓரகத்தியும் நானும் ஒரே பெஞ்சு. நடுவில் அவள் பை. மருமகள் சாப்பிடச் சொன்னாள், ரெண்டு பேரும் வேண்டாம் என்றோம். பேத்திக்கு இந்த ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரமும் இல்லை, எங்களைப் போலவே வெளியில்தான் உட்கார்ந்திருந்தாள், நகத்தைக் கடித்துக்கொண்டு. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் நர்ஸ் வந்தது. ரெண்டும் நல்லபடியாக முடிந்தது, இப்போதைக்கு ஒரே ஒருத்தர் உள்ளே வந்து பார்க்கலாம் என்றது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வயதில் மூத்தவள், சாகக் கிடந்தவனைப் பெற்றவள். நானும் எழுந்துவிட்டேன்.

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து, அவள் பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ போ. ஒண்ணும் இல்லாத பிள்ளையைப் படுக்கவச்சிருக்கே. போய்ப் பாரு."

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என் பிள்ளை முழிச்சிட்டான். உங்க பிள்ளையையும் கண்ணாடி வழியா பாத்தேன் அக்கா. வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்குறான், அவங்க அப்பா மாதிரியே."

ஜூலை 20, ஞாயிறு

மகன் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தான். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகலாம் என்கிறார்கள். ஓரகத்தி வாரத்துக்கு ஒரு தரம் வருகிறாள், மெக்கானிக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். வரும்போதெல்லாம் என் அடுப்படியில் ஏதாவது குறை கண்டுபிடிக்கிறாள். பழைய கணக்கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள் போல. இருக்கட்டும்.

தம்பி இன்னும் பேசவில்லை. ஆனால் அவன் பெண் பேத்திக்குப் போன் பண்ணி, அப்பாவுக்குத் தெரியாமல் எங்கே ஸ்கேன் எடுக்கலாம் என்று கேட்டாளாம்.

எனக்கும் பேத்திக்கும் பிரஷருக்கு ஒரே மாத்திரை. காலையில் அவள் அவசரமாகக் கிளம்பும்போது என் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி என் கையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்துப் பாதியாக உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஒரே டம்ளர் தண்ணீர். முதலில் அவள், பிறகு நான். மிச்சப் பாதியை நாளைக்கு என்று தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, வாசலில் முழங்கால் கூட்டத்தைப் பார்க்கப் போனாள்.